நீலனின் இடம்: இரண்டாம் நிலை எதிர்மாந்தரும் மொழிபெயர்ப்பும்

கதையில் தலைமை மாந்தரை எதிர்த்து நிற்போர் எல்லாரும் ஒரே நிலையினர் அல்லர். பகைக்கு மூலமாக நிற்பவர் ஒருவர். அவரைச் சார்ந்தோ அவருக்கு முன்னரோ வந்து கதையை நகர்த்துபவர் மற்றொருவர். இவ்விரண்டாமவரைத் திறனாய்வாளர் சிறுபாத்திரமாகக் கருதிக் கடந்துவிடுவதுண்டு. மொழிபெயர்ப்பாளர் அவ்வாறு கடந்துவிட இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சூனியக்காரிகளின் உலகைக் காட்டும் 'தி அவுல் ஹவுஸ்' (2020–2023) என்னும் அமெரிக்க இயங்குபடத் தொடரை எடுத்துக்கொள்வோம். அதன் முதன்மைப் பகைவர் பேரரசர் பெலோஸ். முதற்பருவத்தில் அவருக்காகக் களத்தில் இறங்குபவள் லிலித். அவள் வேட்டையாடும் ஈடா என்பவள் அவளுடைய உடன்பிறப்பு. ஈடாவைப் பிடித்திருக்கும் சாபத்தை இளமையில் இட்டவளே லிலித்தான் என்பது முதற்பருவத்தின் கடைசிப் பகுதிகளில் வெளிப்படுகிறது. ஆங்கிலம் இவ்வுறவைச் 'சிஸ்டர்' என்ற ஒரு சொல்லால் முடித்துக்கொள்கிறது. தமிழில் அது கூடாது. முதல் உரையாடலிலேயே அக்காளா, தங்கையா என்று சொல்லியாக வேண்டும். லிலித் மூத்தவள். 'அக்காள்' என்று எழுதியவுடன் தாய்க்கு அடுத்த நிலையில் இருந்து காக்கவேண்டியவள் கெடுத்தாள் என்னும் பொருள் தானே வந்து சேர்கிறது. மூலத்தில் இல்லாத கனம் இது. ஆயினும் தவிர்க்க இயலாதது. (திருமகளின் மூத்தாளை மூதேவி என வழங்கும் மொழியில் இது மேலும் கனக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.)

உடன்பிறந்தாரை இரண்டாம் நிலை எதிர்மாந்தராக்கும் அமைப்பு நமக்குப் புதிதன்று. நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து ஒற்றசேகரமங்கலம் முதலிய எல்லைப்புற ஊர்கள் தொடங்கி நாஞ்சில் நாடு வரையிலான தென் திருவிதாங்கூர் நிலப்பகுதி, நீலி கதையின் விளைநிலம். 1956 நவம்பர் 1இல் கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட தென்வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காடு எல்லைக்கு இப்பால் ஆயிற்று. அக்காட்டின் பெயரைத் தாங்கிய கள்ளியங்காட்டு நீலியோ அப்பாலும் வாழ்கிறாள். வில்லிசையாகத் தமிழில் பாடப்படும் இக்கதையை மலையாள இலக்கிய வரலாற்றாசிரியர்கள் 'தெக்கன் பாட்டுகள்' என்னும் தொகுதியில் வைப்பர். அப்பாட்டுகளின் மொழி, தமிழா மலையாளமா என வரையறுக்க இடந்தராத கலவை மொழி.

தென்னாட்டுக் கதையின் போக்கு வருமாறு. கணிகை ஒருத்தியிடம் பொருளிழந்த பார்ப்பனன், தன்னைப் பின்தொடர்ந்து வந்த அவளைக் கள்ளிக்காட்டில் கொன்று நகைகளைக் கவர்கிறான். தேடிவரும் அவளுடைய உடன்பிறந்தான் அவ்வுடலைக் கண்டு தானும் உயிர்விடுகிறான். மறுபிறப்பில் இருவரும் நீலி, நீலன் எனப் பேயியல்புடைய குழந்தைகளாகப் பிறந்து காட்டில் விடப்படுகின்றனர். கொன்றவன் செட்டியாகப் பிறக்கிறான். நீலனின் சாவுக்கு ஊராரே காரணமாகின்றனர் என்பது கதையின் பொதுப்போக்கு. அது நிகழும் விதத்தில் பாடங்கள் வேறுபடும். பின்னர் நீலி கள்ளியைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, செட்டியைத் தன் கணவன் என்று ஊர்மன்றில் அழுது நிறுவுகிறாள். ஊர்ப்பெரியோர் எழுபதின்மர் அவளை நம்பி இருவரையும் ஓரறையில் விடுகின்றனர். விடியுமுன் செட்டி மடிகிறான், எழுபதின்மரும் மடிகின்றனர்.

செட்டியின் சாவுக்கு முற்பிறப்புப் பழி காரணம். எழுபதின்மரின் சாவுக்கு என்ன காரணம்? நீலன் இருக்கும் பாடத்தில் இதற்கு விடை உண்டு: உடன்பிறந்தானின் உயிருக்கு ஈடாக அவ்வுயிர்கள் கொள்ளப்பட்டன. நீலனை நீக்கிவிட்டால் அப்பெரியோர் ஏமாந்த நல்லவர்களாகின்றனர். நீலி காரணமின்றிக் கொல்பவளாகிறாள். தொண்டைநாட்டுப் பழையனூர் மரபில் நடுவிடம் பெறுவது சொன்னசொல் காக்கத் தீப்பாய்ந்த வேளாளரின் வாய்மை. அம்மரபில் நீலன் மங்கித் தோன்றுவது தற்செயலன்று என்றே கருதுகிறேன். நீலகேசி என்னும் சமணத் தருக்க நூலிலோ அவள் தனியள். முனிச்சந்திரரால் நெறிப்பட்டுப் பிற சமயத்தாரோடு வாதிடப் புறப்படுபவளுக்கு உடன்பிறந்தான் தேவைப்படவில்லை.

இம்மங்கலின் விளைவு சொற்பொருளில் தெரிகிறது. இன்று 'நீலி' என்னும் சொல்லுக்குப் பாசாங்குக்காரி, கொடியவள் என்பனவே வழக்குப் பொருள். 'நீலிக்கண்ணீர்' பொய்யழுகையைக் குறிக்கும். ஆங்கிலத்தினின்று வந்த 'முதலைக்கண்ணீர்' அதன் இடத்தைப் பெரும்பாலும் பற்றிக்கொண்டது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. முதலைக்கு இழப்பு ஏதுமில்லை. நீலி மன்றில் சொன்ன உறவு பொய். அவள் இழப்பு மெய். ஆகவே பொய்யழுகை மட்டுமே கருதப்படும் இடத்தில் முதலையே பொருந்தும். வஞ்சத்துக்குப் பின்னே ஒரு வழக்கும் இருக்குமிடத்தில் நீலியை விட்டால் வேறு சொல் இல்லை.

ஆங்கில 'விட்ச்' என்பதற்கு நீலி, இயக்கி என்று எழுதுவோரும் உளர். அது பொருந்தாது. சூனியக்காரி கலையைக் கற்றவள், உயிரோடிருப்பவள். இயக்கியோ தெய்வநிலை எய்தியவள். சிலப்பதிகார அடைக்கலக்காதையிலேயே மதுரைப் புறஞ்சேரியில் படையல் பெறுகிறாள். இயக்கி 'இசக்கி' ஆவது உயிர்–உசிர், மயிர்–மசிர் என்பவற்றிற் காணும் யகர–சகர மாற்றமே. மலையாளத்தில் வடமொழி வடிவமான 'யக்ஷி' நிலைத்தது. சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா' (1891) பஞ்சவன்காட்டு யக்ஷியை எழுத்திலக்கியத்துக்குக் கொணர்ந்தது. மலையாளப் பொதுவழக்கில் யக்ஷி, வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்டு மயக்கிக் குருதி குடிக்கும் அழகியாகச் சுருங்கினாள். 2025இல் வெளிவந்த 'லோகா' திரைப்படம் நீலியையே தலைமை மாந்தராக்கியது. எதிர்மாந்தர் நிலை நிலையானதன்று என்பதற்கு இது தக்க சான்று.

இனிக் கலைச்சொல். 'துணை எதிர்மாந்தர்' என்பது எதிரிக்குத் துணையானவர் என்றும் பொருள்தரும். லிலித்துக்கு அது பொருந்தும். பெலோஸின் ஏவலில் இயங்குபவள் அவள். நீலன் எவர் ஏவலிலும் இல்லை. வடமொழிப் 'பிரதிநாயகன்' முதன்மைப் பகைவனை மட்டுமே சுட்டும். எனவே 'இரண்டாம் நிலை எதிர்மாந்தர்' என நீட்டி வழங்குவதே தெளிவு.

எஞ்சுவது நீலன் அண்ணனா, தம்பியா என்பது. ஆங்கிலத்தில் பெயர்ப்போர்க்கு இவ்வினா எழுவதில்லை. மலையாளத்தில் பெயர்ப்போர்க்கு எழும். அண்ணன் எனின், வடக்கே 'சேட்டன்' என எழுதத் தோன்றும். ஆனால் நெய்யாற்றின்கரைப் பக்கத்து மலையாளத்தில் 'அண்ணன்' என்பதே பேச்சுவழக்கு. வில்லிசைக்காரர் வாயிலிருந்து வந்த அச்சொல்லை அப்படியே விடுவது நன்று.