ஃபுகுஷிமா அரிசி வாங்குவீங்களோ?

அணு உலை எபிசோட்டுக்குப் பிறகு ஒருத்தர் கேட்டிருந்தார்: "லாசப்பல் கடையில ஃபுகுஷிமா அரிசி வந்தா வாங்குவீங்களோ?" மைக்கில சிரிச்சுச் சமாளிச்சிட்டன். உண்மையான பதிலுக்குக் கொஞ்சம் மண்ணைக் கிண்ட வேணும்.

2011 மார்ச் விபத்தில் வெளியேறிய சீசியம் வயல்களில் படிந்தது. ஜப்பான் அரசு ஒரு கணக்குப் போட்டது: ஒரு கிலோ மண்ணில் இருக்கிற அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு கிலோ அரிசியில் வராது. ஆகவே மண்ணில் 5,000 பெக்கரலுக்குக் கீழே இருந்தால் நெல்லு நடலாம், அரிசி அப்போதைய வரம்பான 500ஐத் தாண்டாது. (பெக்கரல் எண்டால் செக்கனுக்கு ஓர் அணு சிதையிறது, அவ்வளவுதான்.) அறுவடை நேரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மாதிரி எடுத்துப் பார்த்தாங்கள். ஒக்டோபரில் மாகாண ஆளுநர் அரிசி பாதுகாப்பானது எண்டு அறிவிச்சார்.

அடுத்த மாதம், உலையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, ஃபுகுஷிமா நகரத்தின் ஓனாமிப் பகுதியில் ஒரு விவசாயி தன்ர அரிசியைத் தானாகவே சோதிக்கக் குடுத்தார். 630 பெக்கரல்! அந்தப் பகுதி அரிசிக்கு உடனே தடை.

கணக்கு எங்க பிழைச்சது? நெல்லுக்குச் சீசியம் தேவையே இல்லை, பொட்டாசியம்தான் தேவை. ஆனால் இரண்டும் தனிம அட்டவணையில் ஒரே நிரலில் இருக்கிற சகோதரங்கள், வேருக்கு ஆளை வித்தியாசம் பிடிக்கக் கஷ்டம். மண்ணில் பொட்டாசியம் குறைஞ்சால் வேர் அதைத் தேடி வாசலை அகலத் திறக்கும். சீசியமும் கூடவே உள்ள போயிடும். சில களிமண் தாதுக்கள் சீசியத்தைத் தங்கட படலங்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடிச்சு வைக்கும், மணல் மண்ணுக்கு அந்தப் பிடி இல்லை. ஓனாமியின் மலையோர வயல்களில் பொட்டாசியம் குறைவு. மண்ணில் எவ்வளவு சீசியம் எண்டு மட்டும் பார்த்தது போதவில்லை.

மருந்து மலிவானது: பொட்டாசியம் குளோரைட்டு. வன்னியில வயல் செய்யிற சொந்தக்காரரைக் கேளுங்கோ, "எம்.ஓ.பி." எண்டு சொல்லுவினம். அதே பசளைதான்.

2012இல் வரம்பை 100 ஆக இறக்கினார்கள். மாதிரி எடுக்கிறதை விட்டு, 30 கிலோ மூட்டை ஒவ்வொன்றையும் விமான நிலையப் பெட்டி மாதிரி இயந்திரத்துக்குள்ளால அனுப்பினார்கள். அந்த வருசம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மூட்டைகளில் 71 வரம்பைத் தாண்டின. பிறகு 28, பிறகு 2. 2015 அறுவடையிலிருந்து ஒன்றுமில்லை.

இன்னொரு விசயம்: சீசியம் தவிட்டில்தான் கூட. தீட்டினால் பாதிக்கும் கீழே வந்திடும். தீட்டாத அரிசிதான் சத்து எண்டு சண்டை பிடிக்கிற அம்மாமார் இதில மட்டும் தோத்துப் போவினம்.

லெ பிளாங்-மெனிலில் இருந்துகொண்டு இது ஜப்பான் கதை எண்டு விட என்னால ஏலாது. பாரிஸிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், சென் நதிக்கரையில், நோஜான்-சூர்-சென் அணுமின் நிலையம் இருக்கு. சுற்றிவரக் கோதுமை வயல்.

பதில்: ஓம், வாங்குவன். ஐரோப்பிய ஒன்றியமும் 2023 ஓகஸ்டில் கட்டுப்பாடுகளை நீக்கிட்டுது. ஆனால் என்ர நம்பிக்கை ஆளுநரின்ர அறிவிப்பில இல்லை, அந்த மூட்டைக் கணக்கில. மற்றது, அந்த அரிசி ஒட்டும், மீன் குழம்புக்குச் சரிவராது.