கூட யாரும்மா வந்திருக்கா?

மாவட்ட மருத்துவமனையில் பார்த்துவிட்டு, சென்னைக்கோ காஞ்சிபுரம் காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். துணிப்பையில் ரிப்போர்ட்டுகளோடு வந்து நிற்கும் அந்தப் பெண்ணிடம் கட்டி எந்தப் பக்கம், எத்தனை மாதமாக என்று டாக்டர் கேட்க வெகுநேரம் ஆகும். அதற்குள் வேறொரு கேள்விக்கு அந்தப் பெண் நாலைந்து இடத்தில் பதில் சொல்லியிருப்பார். "கூட யாரும்மா வந்திருக்கா?" ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் கேட்பார்கள், ஸ்கேன் அறை வாசலில் கேட்பார்கள், காப்பீட்டு அட்டைக்குக் கைரேகை வைக்கும் மேசையிலும் கேட்பார்கள். அட்மிஷன் என்றால் அட்டெண்டர் பெயர் எழுதாமல் கட்டில் கிடைப்பது கஷ்டம்.

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் திரும்பிப் போகிற பெண்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அக்டோபர் இதழுக்கு மார்பகப் புற்றுநோய் பற்றி எழுத வேண்டும் என்றதும், பிங்க் ரிப்பன், வாக்கத்தான், கல்லூரி மாணவிகள் கையில் பலூன் என்று வழக்கமான படங்கள்தான் மேசைக்கு வந்தன. அமெரிக்காவில் 1985-இல் ஆரம்பித்த விழிப்புணர்வு மாதம் இன்று நம் ஊர் ஜவுளிக்கடை விளம்பரம் வரை வந்துவிட்டது. 'உங்களை நீங்களே பரிசோதியுங்கள்' என்ற வாசகம் இல்லாத போஸ்டர் இல்லை.

அந்த வாசகத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சீனாவின் ஷாங்காய் நகரில் பஞ்சாலைப் பெண் தொழிலாளர்கள் சுமார் 2,66,000 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு அது. பாதிப் பேருக்குச் சுயபரிசோதனை சொல்லிக் கொடுத்து, நினைவூட்டி, ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். 2002-இல் வெளியான முடிவு: சொல்லிக் கொடுத்தவர்களிடமும் கொடுக்காதவர்களிடமும் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய ஒரே அளவு. கெடுதல் இல்லாத கட்டிகளுக்குத்தான் கூடுதலாக ஊசியும் கத்தியும் பட்டன. தன் உடம்பு எப்போதும் எப்படி இருக்கும் என்று ஒரு பெண் தெரிந்து வைத்திருப்பது நல்லதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் குளியலறைக் கண்ணாடி முன்னால் அவளைத் தனியாக நிறுத்திவிட்டு நம் கடமை முடிந்தது என்று நினைக்க முடியாது.

மும்பையில் நடந்தது வேறு. 1998-இல் தொடங்கி இருபது ஆண்டு, 35 முதல் 64 வயது வரையிலான ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து அவர்களில் பாதிப் பேரைக் கையால் தொட்டுச் சோதித்தார்கள். மேமோகிராம் கிடையாது, பெரிய செலவும் கிடையாது. 2021-இல் வெளிவந்த முடிவில், 50 வயதைத் தாண்டியவர்களிடம் இந்த நோயால் வரும் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. இளவயதினரிடம் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழகிய ஒருவர் நேரில் வந்து, தொட்டுப் பார்த்து, "இதை டாக்டர்கிட்ட காட்டணும், வா" என்று சொன்னதில்தான் வித்தியாசம் வந்தது என்பது என் கணிப்பு.

2022-இல் இந்தியாவில் புதிதாக இந்த நோய் கண்டவர்கள் சுமார் 1,92,000 பேர். இறந்தவர்கள் சுமார் 98,000. உலகம் முழுவதும் சேர்த்தால் 23 லட்சம் பேருக்கு நோய், 6.7 லட்சம் மரணம். புது நோயாளிகளோடு ஒப்பிட்டால், உலகக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருக்கும் மரணம் நம் கணக்கில் பாதிக்கு வந்து நிற்கிறது. நோய் இங்கே வேறு மாதிரி ஆனதல்ல. தாமதமாக வருகிறோம், வந்தாலும் பாதியில் நிறுத்துகிறோம்.

தாமதத்துக்கு வீடுகளில் சொல்லப்படும் காரணங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். முதலில், "வலிக்கலையே." ஆரம்பத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. மாதவிலக்கை ஒட்டி வந்து போகும் மார்பு வலி அநேகமாக ஹார்மோன் சமாசாரம். இரண்டாவது, "ஊசி குத்தினா பரவிடும்." பரவாது. பயாப்ஸி செய்யாமல் எந்த வகை, எந்த மருந்து என்று முடிவெடுக்கவே வழியில்லை. மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே இல்லை என்பதும் அந்த ஊசியால்தான் தெரிய வரும். மூன்றாவது காரணத்தைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்: "பொண்ணு கல்யாணம் முடியட்டும்." இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சிகிச்சைக் காலத்தில் துணை என்றால் என்ன வேலை என்று பலருக்குத் தெரியாது. பழம் வாங்கிக்கொண்டு போய் ஸ்டூலில் உட்காருவது என்று நினைக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து வரும்போது விலாப் பக்கம் ஒரு குழாய், அதன் முனையில் நிணநீர் வடியும் பையோ டப்பாவோ இருக்கும். ஒன்றிரண்டு வாரம் அது கூடவே இருக்கும். தினமும் அளந்து, கொட்டி, நோட்டில் எழுத வேண்டும். அக்குளில் நெறிகளை எடுத்திருந்தால் அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க வராது. தலை பின்னிக்கொள்ள முடியாது, ரவிக்கை போட்டுக்கொள்ள முடியாது. சுவரில் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் பழகும் பயிற்சியை வலித்தாலும் செய்யவைக்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். விட்டால் தோள் இறுகிவிடும்.

அடுத்து கீமோ. பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கில் இருந்து எட்டு முறை வரை. சிவப்பு நிற மருந்து ஒன்று உண்டு. அது ஏறிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து அழுதே விடுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். வெள்ளை அணு குறையும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாரசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரி ரெண்டு மணியானாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். தெர்மாமீட்டர் வாங்கி வைப்பதும், அதைப் பார்ப்பதும், ஆட்டோக்காரரை எழுப்புவதும் படுத்திருப்பவர் செய்யக்கூடிய காரியமா?

பிறகு ரேடியேஷன், வார்டுப் பேச்சில் 'கரண்ட் வைக்கிறது'. படுத்து எழுந்திருக்கச் சில நிமிடம்தான், வலியும் இல்லை. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் போக வேண்டும். முன்பெல்லாம் ஐந்து வாரம் ஓடும். பிரிட்டனில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு பலருக்கு மூன்று வாரமாகச் சுருங்கியிருக்கிறது. 2020-இல் அதே நாட்டில் வெளியான ஆய்வு, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் முடிக்கலாம் என்று காட்டியது. கிராமத்திலிருந்து வருகிறவருக்குப் புது மருந்து கண்டுபிடித்ததற்குச் சமம் இது.

சலுகைகளும் இல்லாமல் இல்லை. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் கிடையாது, கூட வருபவர் ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. டாக்டரிடம் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். நோயாளி தனியாக வர முடியாது என்பது ரயில்வேக்குத் தெரிந்திருக்கிறது! முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் கிடைக்கிற பணம், கூட வந்தவரின் போன கூலிக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் வராது. பெண்களுக்கு இலவசம் என்கிற டவுன் பஸ் ஊர் எல்லையோடு சரி.

சரி, யார்தான் வருகிறார்கள்? எந்த மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் வேண்டுமானாலும் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். கணவருக்குப் புற்றுநோய் என்றால் பக்கத்தில் மனைவி இருப்பார். அதில் கேள்வியே எழுவதில்லை. மனைவிக்கு என்றால் முதல் நாள் கணவர் வருவார், ஆபரேஷன் அன்று வருவார். மூன்றாவது கீமோவுக்கு வயதான அம்மாவோ அக்காவோ வந்திருப்பார். அவர்களும் இல்லாத வீட்டில் மூத்த மகள்.

ஆண்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. கூலி வேலைக்குப் போகிறவர் பத்து நாள் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது, மருந்துக்கு மேல் ஆகும் செலவுக்கும் அவர்தான் சம்பாதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைப் பெண்கள் வார்டில் இரவில் ஆண் அட்டெண்டரை விடுவதும் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீமோ பெரும்பாலும் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற சிகிச்சை. கரண்ட் வைப்பது பகல் வேலை. ஆபரேஷனை ஒட்டிய சில ராத்திரிகளைத் தவிர, அந்த விதியைக் காரணம் காட்ட இடமே இல்லை.

எனக்குக் கவலை அந்த மூத்த மகளைப் பற்றித்தான். பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் பெண். அம்மாவுக்கு அட்டெண்டர், வீட்டில் சமையல், தம்பிக்கு டிபன் பாக்ஸ். பள்ளியில் 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை' என்று ஒரு லீவு லெட்டர் போகும், அது மாதக்கணக்கில் நீளும். சிகிச்சை முடிய எட்டு மாதம், ஒரு வருடம் ஆகிவிடும். அம்மா பிழைத்துக்கொள்வார். பெண் பள்ளிக்குத் திரும்ப மாட்டாள். நம் நாட்டில் இந்த நோய் மேலை நாடுகளைவிட ஏறத்தாழ பத்து வயது முன்னதாகவே, நாற்பதுகளிலேயே பலருக்கு வந்துவிடுகிறது. அந்த வயதுத் தாய்க்குப் படிக்கிற வயதில்தான் பிள்ளைகள் இருப்பார்கள். இப்படிப் படிப்பு நின்றுபோன பெண்களின் கணக்கை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதுவதில்லை.

இத்தனையும் செய்கிற அந்தப் பெண்ணிடம், அம்மாவுக்கு என்ன நோய் என்று வாய்விட்டுச் சொல்லாத வீடுகளும் இருக்கின்றன. 'நாளைக்கு வரன் பார்க்கிற இடத்தில் தெரிந்தால்?' என்பதுதான் பயம். பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழக் கூடாது என்று அம்மா கட்டியை மறைத்தார், இப்போது குடும்பமே சேர்ந்து பெயரை மறைக்கிறது. புற்றுநோய் மருத்துவமனை இருக்கிற 'அடையாறு' பெயரைச் சொல்லக் கூசி, 'மெட்ராஸுக்கு ஒரு வேலையா போனோம்' என்பார்கள்.

மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான். மீதி எல்லாம் அப்படி இல்லை. அந்தச் சிறு பங்கில் இருக்கிற குடும்பமானால் மகளுக்கு இது அவசியம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் சீக்கிரமே டாக்டரிடம் பேசலாம், ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்கலாம், சோதனைகளை இளவயதிலேயே தொடங்கலாம். அந்த மரபணுக் கோளாறு அப்பா வழியாகவும் வரும் என்பதைச் சொன்னால், பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டாரும் தங்கள் அத்தைமார் கதையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். மறைப்பதால் கல்யாணம் வேண்டுமானால் நடக்கலாம். ஆபத்து குறையாது.

அடையாறு என்றதும் ஒரு விஷயம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயில் இறந்தார். பக்கத்தில் இருந்து பார்த்த அக்காவின் மனதை அது விடவே இல்லை. முப்பது வருடம் போராடி 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அடுத்த வருடம் அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் கண்மூடும் வரை அங்கேயே இருந்தார். துணைக்கு இருந்த ஒரு பெண்ணின் துக்கத்தில்தான் அந்த இடமே எழுந்தது.

ஒரே நோயைக் கடந்தவர் துணையாக வருவது இன்னொரு வகை. அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்பவர் மார்பகத்தை இழந்த பிறகு, 1952-இல், ஆபரேஷன் முடிந்த பெண்களின் கட்டிலுக்கே போய்ப் பேச ஆரம்பித்தார். எந்தக் கையை எப்படி அசைப்பது, உள்ளாடைக்குள் என்ன வைப்பது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார். டாக்டர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. நம் வார்டுகளில் இது பெயரில்லாமல் நடக்கிறது. ஆறாவது கீமோக்காரர் முதல் கீமோக்காரரிடம் "மோர் குடி, வயித்துல நிக்கும்" என்கிறார். சிலிகான் மார்பு வாங்க முடியாதவர்கள் கைக்குட்டையும் பஞ்சும் திணித்துக்கொண்டு திரிகிறார்கள். நூலில் பின்னிய இலகுவான மார்புகளை இலவசமாகக் கொடுக்கும் தன்னார்வலர்கள் இந்தியாவிலும் இருக்கிறார்கள். இந்தத் தகவலையும் அநேகமாக இன்னொரு நோயாளிதான் சொல்வார்.

கடைசி கரண்ட் முடிந்ததும் வீட்டில் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். "எல்லாம் சரியாப் போச்சு." உடனே குடமும் மாவு அரைப்பதும் துணி அலசுவதும் திரும்பி வந்துவிடும். ஹார்மோன் சார்ந்த வகையாக இருந்தால் தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். விலை அதிகமில்லை. உடம்பு திடீர் திடீரென்று எரியும், வியர்க்கும், தூக்கம் கெடும். எரிந்து விழுந்தால் 'வியாதி போயும் குணம் மாறலை' என்று பேச்சு வேறு. தானாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிற பெண்கள் நிறைய. நெறி எடுத்த பக்கத்துக் கை பல வருடம் கழித்தும் வீங்கலாம். வீங்கிச் சிவந்து சுட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இதையெல்லாம் கவனிக்க வீட்டில் ஒரு ஜோடிக் கண் வேண்டும். அது படிக்கிற பெண்ணின் கண்ணாக இருக்க வேண்டாம்.

மருத்துவமனைகள் இரவு வார்டுக்குப் பெண் துணையாளர்களை நியமித்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு ஆகும் காலம் ஆகட்டும். அதுவரை, இதைப் படிக்கிற கணவர்களே, அண்ணன் தம்பிகளே: கீமோ நாட்களைக் காலண்டரில் குறித்து இப்போதே மேஸ்திரியிடமோ மேனேஜரிடமோ சொல்லிவிடுங்கள். ரயில் சலுகைப் படிவத்தில் துணைக்கு வருபவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். மகளை நாளைக் காலை பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள்.