அப்பா எழுதியது 3, மகள் எழுதியது 3... மேடையில் நிற்பது யாருடையது?

'ஓமனத்திங்கள் கிடாவோ' தாலாட்டை ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. 1813-ல் திருவிதாங்கூர் அரண்மனையில் சுவாதித் திருநாள் பிறந்தபோது அதை எழுதியவர் இரயிம்மன் தம்பி. அவருடைய மகளும் பாட்டு எழுதினார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

யார் இவர்?

குட்டிக்குஞ்ஞு தங்கச்சி (1820–1904). இயற்பெயர் லட்சுமி பிள்ளை. சுவாதித் திருநாளைவிட 7 வயது இளையவர். திருவனந்தபுரத்தில் இசை உச்சத்தில் இருந்த காலத்தில், அந்த இசை உருவான வீட்டிலேயே வளர்ந்தவர்.

என்ன எழுதினார்?

கீர்த்தனைகள், திருவாதிரைப் பாட்டுகள், அதோடு மூன்று ஆட்டக்கதைகள்: பார்வதி சுயம்வரம், ஸ்ரீமதி சுயம்வரம், மித்ரசஹ மோட்சம்.

ஆட்டக்கதை என்பது கதகளிக்கான பாட்டு நாடகம். கதையைச் சுலோகம் நகர்த்தும். பாத்திரங்கள் பேசுவதைப் பதங்களாகப் பாடகர்கள் பாடுவார்கள். நடிகர் முத்திரையில் காட்டுவார். ஒவ்வொரு பதத்துக்கும் ராகம், தாளம் வேணும். அதனால் எழுதுபவருக்குக் கவிதை மட்டும் தெரிந்தால் போதாது, இசையும் தெரியணும்.

அப்புறம் ஏன் பெயர் தெரியலை?

கணக்கைப் பாருங்க. அப்பாவும் எழுதியது மூன்று ஆட்டக்கதைதான்: கீசகவதம், உத்தரா சுயம்வரம், தட்சயாகம். அவை இன்றும் கதகளி மேடையின் செல்லப்பிள்ளைகள். மகளுடையவற்றை மேடையில் பார்ப்பது அபூர்வம்.

திறமை மட்டும் பாட்டைக் காப்பாற்றாது. அதைத் திரும்பத் திரும்பப் பாட ஒரு மேடை வேணும். கதகளி மேடை ஆண்கள் கையில் இருந்தது. பெண்கள் கூடிப் பாடி ஆடியது வீட்டு முற்றத்தில், திருவாதிரை இரவில். முற்றத்துப் பாட்டு வாய்வழியா நிலைக்கும். எழுதியவர் பெயர் நிலைக்காது.

எப்போ மாறியது?

ரொம்ப லேட்டாக. சுவாதித் திருநாள் கீர்த்தனைகள் ஒன்பது நாளும் ஒலிக்கும் கிழக்கே கோட்டை நவராத்திரி மண்டபத்தில் முதன்முதலாக ஒரு பெண் கச்சேரி செய்தது 2006-ல். பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். தங்கச்சி இறந்து அப்போது 102 வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த ஓணத்துக்கு உங்க ஆபீஸில் கசவுப் புடவை கட்டி, வட்டமா நின்னு, கைதட்டித் திருவாதிரைக்களி ஆடுவாங்க. அந்தப் பாட்டை எழுதினது யாருன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.