மடி பாதுகாப்பாகுமா?

புக்கிட் மேராவிலுள்ள லெங் கீ சாலையில் கார் விற்பனைக் கூடங்கள் பல உள்ளன. அங்கு வரும் குடும்பத்தினர் காரின் விலை, நிறம், எரிபொருள் செலவு ஆகியவற்றைக் கேட்டறிவது வழக்கம். குழந்தைகள் உள்ள குடும்பங்கள் இன்னோர் அளவையும் அறிந்திருக்க வேண்டும். அது குழந்தையின் உயரம்.

சிங்கப்பூரில் முன்பு 8 வயதுக்குட்பட்ட சிறுவர்கள் காரில் பாதுகாப்பு இருக்கையைப் பயன்படுத்த வேண்டும் என்று விதி இருந்தது. 2012ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல், வயதுக்குப் பதிலாக உயரம் அளவுகோலாயிற்று. 1.35 மீட்டருக்கும் குறைவான உயரமுள்ளவர்கள் தங்கள் உடலுக்கு ஏற்ற பாதுகாப்பு இருக்கையையோ உயர்த்தி இருக்கையையோ பயன்படுத்த வேண்டும். அல்லது, அவர்களது உயரத்திற்கு ஏற்ப இருக்கை வாரைச் சரிசெய்ய வேண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் அந்த உயரத்தை எட்டாவிட்டால், அவருக்கும் இவ்விதி பொருந்தும். விதியை மீறும் ஓட்டுநருக்கு அபராதமும் குற்றப்புள்ளிகளும் விதிக்கப்படும்.

உயரம் ஏன் முக்கியம்? காரின் இருக்கை வார் பெரியவர்களின் உடலமைப்பை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. அது தோளின் நடுப்பகுதியிலும் இடுப்பெலும்பின் மீதும் படிய வேண்டும். உயரம் குறைந்த சிறுவருக்கோ அது கழுத்தையும் வயிற்றையும் அழுத்தும். விபத்து நேர்ந்தால், காக்க வேண்டிய வாரே காயப்படுத்தக்கூடும். உயர்த்தி இருக்கை சிறுவரைச் சற்று உயர்த்தி, வார் சரியான இடத்தில் படியச் செய்கிறது. கைக்குழந்தையின் கழுத்து வலுவற்றது. ஆகவே, அதன் இருக்கை காரின் பின்புறத்தைப் பார்த்தபடி பொருத்தப்படுகிறது.

“பக்கத்தில்தானே போகிறோம், மடியில் வைத்துக்கொள்ளலாம்” என்று சிலர் எண்ணுவதுண்டு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி நின்றாலும், உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்லும். இது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். அந்த நொடியில் 10 கிலோகிராம் எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, 100 கிலோகிராமுக்கும் அதிகமான எடையைத் தூக்கும் வலிமை தேவைப்படும். எவ்வளவு அன்பாக அணைத்திருந்தாலும் கைகள் அதைத் தாங்கமாட்டா.

டாக்சிகளுக்கு இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. சாலையில் கைகாட்டி நிறுத்தப்படும் டாக்சியில் எல்லா அளவு இருக்கைகளையும் வைத்திருக்க இயலாது. ஆயினும், செயலிவழி முன்பதிவு செய்யப்படும் தனியார் வாடகை கார்களுக்கு இவ்விலக்கு இல்லை. புக்கிட் மேராவிலிருந்து தேக்கா சந்தைக்குப் பேரக்குழந்தையுடன் செல்லும் பாட்டி, இவ்விரண்டில் எதிலும் ஏறலாம். சட்டம் வேறுபட்டாலும், சாலையும் வேகமும் ஒன்றே. எனவே, டாக்சியில் செல்லும்போதும் மடக்கி எடுத்துச் செல்லக்கூடிய இருக்கையைப் பெற்றோர் பயன்படுத்துவது நல்லது.

பாதுகாப்பு இருக்கைகளைப் பயன்படுத்துவது குழந்தைகளின் உயிரிழப்பைக் குறைந்தது 60 விழுக்காடு குறைக்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டது. தன்னைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாத குழந்தைக்காகப் பெற்றோரும் மூத்த பிள்ளைகளும் பயணம் தொடங்குமுன் ஒரு நிமிடம் ஒதுக்க வேண்டும். வார் சரியாகப் பொருந்தியுள்ளதா என்று பார்க்க அந்த ஒரு நிமிடமே போதும்.