கையின் வேகமும் மிதிவெடி நிலமும்

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. ஆயினும் மன்னார் உள்ளிட்ட வட மாகாணத்தின் நிலங்களில் புதைந்த மிதிவெடிகளை அகற்றும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா சாசனத்தில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்துகொண்டது. அதன்படி 2028 ஜூன் 1ஆம் திகதிக்குள் நிலங்கள் துப்புரவாக்கப்பட வேண்டும். தவணை நெருங்க நெருங்க, "ஏன் இத்தனை தாமதம்?" என்ற கேள்வி வலுப்பதும் இயல்பே.

இக்கேள்வியைக் கேட்கும் உரிமை மன்னார் மக்களுக்கு நிரம்ப உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்திலும் பிற இடங்களிலும் அகதிகளாய் இரு தசாப்தங்களுக்கு மேல் காத்திருந்தனர். 2007, 2008ஆம் ஆண்டுகளின் மோதல்களில் அடம்பன், விடத்தல்தீவு, மாந்தை மேற்குப் பகுதிகளின் தமிழ் மக்கள் இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்த இரு சமூகத்தவருக்கும் வயலும் தோட்டமும் மேய்ச்சல் தரையுமே வாழ்வு. வேலிக்கு அப்பால் ஒருவர் ஒரே இடத்தில் முழந்தாளிட்டு, ஒரு சாண் நிலத்தை நெடுநேரம் ஆராய்ந்துகொண்டிருப்பதைக் காணும் காணிக்காரருக்கு அது மந்தமாகத் தோன்றக்கூடும். அந்த மந்தத்துக்கு விஞ்ஞானம் ஒரு காரணம் கூறுகின்றது. அதனை விளக்குவதே இங்கு எமது நோக்கம்.

1954ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் போல் பிட்ஸ் எளிய பரிசோதனை ஒன்றை வெளியிட்டார். இரு உலோகத் தகடுகளை ஓர் எழுதுகோல் போன்ற கருவியால் மாறி மாறி, இயன்ற வேகத்தில் தொடவேண்டும். ஆனால் குறி தவறலாகாது. 2 அங்குல அகலமான தகடுகள் 2 அங்குல இடைவெளியில் இருந்தபோது ஓர் அசைவுக்கு 0.2 செக்கனிலும் குறைந்த நேரமே சென்றது. தகடுகளை கால் அங்குலமாகக் குறுக்கி, இடைவெளியை 16 அங்குலமாக்கியபோது 0.7 செக்கனுக்கு மேல் தேவைப்பட்டது. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும், குறியின் அகலம் பாதியாகும் ஒவ்வொரு தடவையும், ஏறக்குறைய ஒரே அளவான நேரம் கூடுகின்றது என்பதே அவர் கண்ட விதி.

இதில் வியப்புக்குரியது வேறொன்று. கருவியின் எடையைப் பதினாறு மடங்காக்கியபோதும் நேரம் சிறிதளவே கூடியது. ஆகவே கையைக் கட்டுப்படுத்துவது தசையின் பலம் மாத்திரமன்று. மூளை ஒரு செக்கனில் கையாளக்கூடிய தகவலின் அளவே பிரதான எல்லை. தொலைபேசிக் கம்பி ஒன்று குறித்த நேரத்தில் குறித்த அளவு செய்தியையே சுமக்க முடியும் என்பது போல, கைக்கும் ஓர் எல்லை உண்டு. பிட்ஸ் கணித்த அளவு செக்கனுக்கு ஏறக்குறைய 10 பிட். பேசாலைக் கரையில் கிழிந்த வலையைச் சீர்செய்வோர் இதனைக் கணிதமின்றியே அறிவர். பெரிய கண்ணில் ஓடும் ஊசி, சிறிய கண்ணில் தானாகவே தயங்கும்.

எல்லையை மீறினால் என்னவாகும்? 1899ஆம் ஆண்டிலேயே ரொபர்ட் வுட்வேர்த் என்பவர் இதனை ஆராய்ந்திருந்தார். பென்சிலால் ஒரே நீளக் கோடுகளை வரையச் செய்தபோது, மெதுவான அசைவில் கண் திறந்திருப்பது பிழையை வெகுவாகக் குறைத்தது. வேகம் மிகுந்தபோதோ கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பிழை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கண்ணின் செய்தி மூளைக்குச் சென்று கையைத் திருத்துவதற்கு நேரம் தேவை. அந்நேரத்தைக் கொடாத கை, பார்வையிருந்தும் குருடாகி விடுகின்றது.

மூன்றாவதாக, 1952இல் பிரித்தானியரான வில்லியம் ஹிக் காட்டிய உண்மை: தெரிவுகள் எத்தனைக்கெத்தனை கூடுகின்றனவோ அத்தனைக்கத்தனை பதிலிறுக்கும் நேரமும் கூடும். தெரிவுகள் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் சமமான நேரம் சேர்கின்றது.

தகடுகளின் விதியை மிதிவெடி நிலத்துக்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. அங்கு குறி கண்ணுக்கே தெரிவதில்லை. ஆயினும் அடிப்படை ஒன்றே. உலோகங்காணி ஒலித்ததும் அது ஆணியா, சன்னமா, எறிகணைத் துண்டா, மிதிவெடியா என்று தீர்மானிக்க வேண்டும். போர் நடந்த மண்ணில் இரும்புத் துண்டுகளுக்குக் குறைவில்லை. மிதிவெடிகளிலோ உலோகம் மிகக் குறைவாகவே இருக்கக்கூடும். பின்னர் கூர்க்கோலைச் சாய்வாகச் செலுத்தி, வெடியின் அமுக்குந் தட்டைத் தொடாது பக்கவாட்டைத் தேட வேண்டும். விரல் நுனி உணரும் சிறு தடையே அங்கு தகவல். வேகத்தைக் கூட்டினால் முதலில் இழப்பது அதனைத்தான். பென்சில் கோட்டில் நேரும் பிழையை அழிக்கலாம். இப்பிழையை அழிக்க இயலாது.

ஆகவே, பணியாளரின் கையை விரைவுபடுத்தித் தவணையை எட்ட எண்ணுவது ஆபத்தானது. இலங்கை இராணுவத்தின் பிரிவும், மைன்ஸ் அட்வைசரி குரூப் போன்ற அரச சார்பற்ற நிறுவனங்களும் இப்பணியில் ஈடுபட்டுள்ளன. உள்ளூர்ப் பெண்கள் பலரும் அதில் உழைக்கின்றனர். அவர்களது திறமையை நாளொன்றுக்கு எத்தனை சதுர மீற்றர் என்பதைக் கொண்டு மாத்திரம் அளத்தல் முறையன்று.

விரைவுக்கு வேறு வழிகள் உள்ளன. கைகளின் எண்ணிக்கையைப் பெருக்கலாம். அனுபவம் பெற்ற கைகளை இழக்காதிருக்கலாம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியபோது உலகின் பல நாடுகளில் இப்பணி தடைப்பட்டமை, அந்நிய நிதியில் மாத்திரம் தங்கியிருப்பதன் அபாயத்தை உணர்த்தியது. அரசு தன் பங்கை ஒதுக்குதல் அவசியம்.

அனைத்திலும் மேலாக, தேட வேண்டிய பரப்பைச் சுருக்கலாம். இங்கு மக்களின் பங்கு பெரிது. காவலரண் எங்கே இருந்தது, எந்த ஒழுங்கையை எப்போது மூடினர், மாடு எங்கே வெடியில் சிக்கியது என்பதை அறிந்தவர்கள் ஊரவரே. அந்நினைவு ஆய்வாளரிடம் சேரும்போது வெற்று நிலத்தில் வீணாகும் நாட்கள் மிச்சமாகின்றன. தமிழரும் முஸ்லிம்களும் அறிந்ததைத் தயங்காது கூறுதல் வேண்டும். எச்சரிக்கைப் பலகைகளைக் கடந்து விறகுக்கோ பழைய இரும்புக்கோ செல்லாதிருத்தலும் அவசியம்.

காணி விரைவில் கிடைக்க வேண்டும் என்பதில் எமக்கு இரு கருத்தில்லை. ஆனால் அதில் முதற் காலடி வைக்கப்போவது காணிக்காரரும் அவரது பிள்ளைகளுமே. மண்ணைத் துழாவும் கைக்கு உரிய அவகாசத்தை அளிப்பது அவர்களது பாதுகாப்புக்கே என்பதை அதிகாரிகளும் மக்களும் ஒருங்கே உணர்தல் வேண்டும்.