உஷார்! பச்சையாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்!

பெர்மாஸ் ஜெயா மக்களே, இதைக் கொஞ்சம் கேளுங்கள்! புல்டோசர் வழித்துப் போட்ட லாட்டில் மரங்கள் தானாக முளைத்து அடர்ந்துவிட்டனவா? காடு திரும்பிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது!

ஓர் அம்மா நல்ல மனதோடுதான் செய்தார். அப்படியொரு லாட்டில் ஒரே மரத்தடியில் முளைத்திருந்த கன்றுகளை வேர்மண்ணோடு கிளப்பி, பிளாஸ்டிக் பையில் வைத்து அக்கம்பக்கம் எல்லாருக்கும் கொடுத்தார். வீட்டுக்கு வீடு மரம்! ஆனால் அத்தனையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். நாளை இவை தமக்குள்ளேயே மகரந்தம் மாற்றிக் காய்த்தால், அடுத்த தலைமுறை நோஞ்சானாகலாம். ஒரு நோய் வந்தால் தெரு முழுக்கச் சாயலாம்.

வீண் பயம் என்று நினைக்காதீர்கள். கோஸ்டா ரிகாவில் வெட்டிவிட்ட நிலத்தில் தானாக எழுந்த ஒரு வகைப் பனையை ஆராய்ந்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். பக்கத்துப் பழங்காட்டில் காய்க்கும் மரங்கள் 66. புதுக் கூட்டத்தின் மரபணுவில் பாதிக்கு மேல் தந்தவை இரண்டே மரங்கள்!

நம் நாட்டுக் கதையும் அதுதான். 1966இல் ஆஸ்திரேலியாவிலிருந்து சபாவுக்கு அகாசியா வந்தது, சில மரங்களின் விதையோடு. அந்த வம்சத்திலேயே திரும்பத் திரும்ப விதை எடுத்ததில் வளர்ச்சி குன்றியது. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய ரப்பர் மரங்களில் பெரும்பாலானவை 1877இல் சிங்கப்பூர் வந்த 22 கன்றுகளின் வழி வந்தவை. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் உள்ளே நுழைந்துவிடக் கூடாதே என்று இன்றும் எல்லையில் காவல்!

இவை ஆபத்தின் அறிகுறிகள்:

• எங்கு பார்த்தாலும் ஒரே வகை மரம், ஒரே உயரம்.

• சுற்றுவட்டாரத்தில் வயதான தாய் மரங்களே இல்லை. மெராந்தி விதைக்குச் சிறகு உண்டு. ஆனாலும் பெரும்பாலும் தாய்க்குப் பக்கத்திலேயே விழும். மண்ணில் நெடுநாள் காத்திருக்காது, செத்துவிடும்.

• வௌவாலும் பறவையும் வருவதில்லை. தூரத்து மரங்களின் விதையைக் கொண்டுவருவதே அவைதான்.

• நாற்றுப்பண்ணையில் விசாரித்தால், "எல்லாம் அந்த ஒரு மரத்து விதைதான்" என்கிறார்கள்.

ஒரே மரத்தில் விதை எடுக்காதீர்கள். தள்ளித் தள்ளி நிற்கும் முப்பது மரங்களிலாவது எடுங்கள். லாட்டை வழிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், பழைய மரங்களை விட்டுவைக்கச் சொல்லி மாநகர் மன்றத்துக்கு உடனே எழுதிக் கொடுங்கள். தாய் மரம் போனால், அதோடு அதன் வம்சமும் போய்விடும்!