வலி நின்றால் பல் பிழைத்ததா?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பல்வலியையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்!

போன செமஸ்டர் பிராக்டிகல் சமயம், எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. பகலில் பரவாயில்லை, ஹாஸ்டலில் தலையைச் சாய்த்தால் போதும், விண் விண்ணென்று தெறிக்கும். ராசிபுரத்திலிருந்து அம்மாயி கொடுத்தனுப்பிய கிராம்புத் தைலம், மெடிக்கல் ஷாப் மாத்திரை என்று பத்து நாள் ஓட்டினேன். திடீரென்று வலி போயே போச்சு! மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலையில் தாடை பன்னாய் வீங்கியிருந்தது.

அரியானூரிலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருப்பது நம் பக்கத்துக்கு வசதி. அதில் ஒன்றுக்குப் போனேன். டாக்டர் ஜில்லென்ற பஞ்சைப் பல்லில் வைத்தார். "ஒண்ணுமே தெரியலைங்க" என்றேன் பெருமையாக. "அதுதாம்ப்பா பிரச்சினை" என்றார்.

பல்லுக்கு நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் கொண்ட மென்மையான கூழ் இருக்கிறது. சொத்தை வழியே கிருமி புகுந்தால் அது வீங்கும். சுற்றிலும் கெட்டிச் சுவர், வீங்க இடமில்லை. சேஃப்டி வால்வ் இல்லாத பாய்லர்தான்! கடைசியில் கூழ் செத்துவிடும், வலியும் நின்றுவிடும். கிருமி மட்டும் வேர் நுனி வழியே தாடை எலும்புக்குப் போகும். மாத்திரை ரத்தத்தில்தானே போகிறது? செத்த கூழில் ரத்தமே ஓடாதே! ஆகவே உள்ளே தோண்டிச் சுத்தம் செய்தாக வேண்டும். அதுதான் ரூட் கெனால்.

மரத்துப்போக ஊசி போட்டதால் வலியில்லை. வாயைத் திறந்தே வைத்து அலுத்துப்போனதுதான் மிச்சம். என் பல்லில் மூன்று கால்வாய்கள். அவற்றை அராவ ஊசி மாதிரி ஃபைல்கள். 15 நம்பர் ஃபைல் என்றால் நுனி 0.15 மி.மீ.; அதற்கு மேல் மி.மீட்டருக்கு 0.02 கூடும். நம்ம டேப்பர் டர்னிங் கணக்கேதான்! நீளம் பார்க்க உதட்டில் ஒரு கிளிப், ஃபைலில் ஒரு கிளிப். மின்தடையை வைத்து வேர் நுனி வந்ததைச் சொல்கிறது மெஷின். 1962-இல் ஜப்பானியர் சுனாடா வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட்டால், அதாவது துணி வெளுக்கும் சரக்கால், கழுவினார்கள். கால்வாயை அடைத்தது கட்டபெர்ச்சா என்ற மரப்பால். எலக்ட்ரிக்கல் நண்பர்கள் கவனிக்க: 1851-இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் போட்ட தந்திக் கேபிளுக்கும் இதுதான் இன்சுலேஷன்!

குடைந்த கடைவாய்ப் பல் முறுக்குக் கடித்தால்கூட உடையலாம் என்பதால் மேலே தொப்பி போடச் சொன்னார்கள். போட்டாச்சு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் ரூம்மேட், இரண்டு வாரமாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன், "வலி சரியாயிருச்சுடா" என்று சிரித்தபடி வந்து நிற்கிறான். திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கே அவனை இழுத்துக்கொண்டு போகிறேன்.